ஏர் பாக்ஸைக் கழற்றி வெளி ஏர் ஃபில்டர் மாட்டப் போகிறீர்களா? கொங்கு நாட்டு இருசக்கர வண்டிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கம்பெனியோடு வந்த ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, கூம்பு வடிவ ஃபில்டர் ஒன்றை, காற்றோடு பெட்ரோலைக் கலந்து தரும் கார்பரேட்டரின் வாயில் நேராக மாட்டிவிட்டால் இழுவை கூடும் என்று நம்பிக் கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் பலர் வாங்குகிறார்கள். மாட்டும் வேலை விரைவில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வண்டி திணறும், சைலன்சரில் வெடிக்கும், மழையில் நின்றுவிடும். ஒவ்வொன்றுக்கும் காரணம் தேடி மெக்கானிக், உதிரிபாகக் கடை, லேத் பட்டறை, புகைப் பரிசோதனை மையம் என்று அலைவதில்தான் பணமும் நாளும் போகின்றன. அந்த அலைச்சலை நான் முழுவதும் பட்டுவிட்டேன். அடுத்தவர்களுக்கு அது வேண்டாம் என்பதற்காகவே செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன். ஃபில்டரின் விலைக்குக் குறையாத ஒரு தொகையை எரிபொருள் கலவையைச் சரிசெய்யும் வேலைக்கு ஒதுக்க முடியாதவர்கள் பெட்டியைத் தொடாமல் இருப்பதே நல்லது.

1. வண்டி எந்த வகை, தேவை என்ன என்று முதலில் முடிவு செய்யுங்கள்

உங்கள் வண்டி கார்பரேட்டர் வண்டியா, கணினி அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியா என்று பாருங்கள். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 புகை விதி நடப்புக்கு வந்தபின் விற்பனையான வண்டிகள் பெரும்பாலும் இன்ஜெக்‌ஷன் வகையே. அவற்றைப் பற்றி 7ஆம் பகுதியில் தனியாகச் சொல்லியிருக்கிறேன். மற்றவை முக்கியமாகக் கார்பரேட்டர் வண்டிகளுக்கானவை.

அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி ஃபில்டரைத் தாங்குவதற்காக மட்டும் வைக்கப்பட்டதல்ல. இன்ஜின் காற்றைத் தொடர்ச்சியாக இழுப்பதில்லை, விட்டுவிட்டு உறிஞ்சுகிறது. பெட்டிக்குள் நிற்கும் காற்று அந்தத் துடிப்பைத் தணித்து, கார்பரேட்டருக்குச் சீரான அழுத்தத்தில் காற்றைக் கொடுக்கிறது. பெட்டியின் கொள்ளளவும் அதன் குழாயின் நீளமும், நாம் அன்றாடம் ஓட்டும் குறைந்த மற்றும் நடுத்தர வேகங்களில் இழுவை நன்றாக இருக்கும்படி கணக்கிடப்பட்டவை. இன்ஜின் காற்றை உறிஞ்சும் சத்தத்தை அடக்குவதும், சக்கரம் வாரியடிக்கும் நீரைத் தடுப்பதும் அதன் வேலைகளே. ஆகவே பெட்டியை எடுத்தால் உச்ச வேகத்தில் சற்று லாபம் கிடைத்தாலும், ஊருக்குள் மூன்றாம் கியரில் இழுக்கும் இழுவை பல வண்டிகளில் குறைந்துவிடும். டேங்குக்குக் கீழிருந்து வரும் உறுமலைக் கேட்டு வண்டி வேகமாகப் போகிறது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

எனவே இரண்டு வழிகளையும் எடை போடுங்கள். பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் காகித ஃபில்டருக்குப் பதிலாக அதே அளவில் கழுவிப் பயன்படுத்தும் பருத்தித் துணி ஃபில்டரைப் போடுவது முதல் வழி. வேலைக்குப் போய்வரும் வண்டிக்கு இதுவே போதும் என்பது என் உறுதியான கருத்து. பெட்டியையே எடுத்துவிடுவது இரண்டாம் வழி. பெட்டி உடைந்து மாற்றுப் பெட்டி கிடைக்காத பழைய வண்டிகளுக்கும், செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற பந்தயத் தளத்தில் மட்டும் ஓடும் வண்டிகளுக்கும் அது பொருந்தும். 1996இலேயே தயாரிப்பு நின்றுபோன யமஹா ஆர்.எக்ஸ். 100 வைத்திருப்பவர்களுக்கு நல்ல நிலையில் ஒரு பெட்டி கிடைப்பது எவ்வளவு கடினம் என்று தெரியும்.

2. சட்டமும் காகிதங்களும்

"ஆர்.சி.யில் ஏர் ஃபில்டர் என்று ஒரு கட்டமே இல்லை, யாரும் கேட்க மாட்டார்கள்" என்பது கடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. கட்டம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்க்கப்பட்ட 182ஏ பிரிவின் 4ஆம் உட்பிரிவு, அனுமதிக்கப்படாத வகையில் உதிரிபாகம் பொருத்தி வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. சத்தம், புகை ஆகியவற்றின் வரம்பை மீறினால் 190ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவின்படி முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மூன்று மாதத்துக்கு ஓட்டுநர் உரிமத்துக்கான தகுதியும் போய்விடும். இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

வேலையைத் தொடங்கும் முன் மூன்று காகிதங்களை எடுத்து வையுங்கள்.

முதலாவது, வாரண்டி அட்டை. வாரண்டிக் காலம் மீதி இருந்தால் அது முடியும்வரை பொறுத்திருங்கள். இன்ஜினில் எந்தக் கோளாறு வந்தாலும் மாற்றப்பட்ட ஃபில்டரைக் காட்டி மறுக்கவே பார்ப்பார்கள்.

இரண்டாவது, காப்பீட்டுப் பத்திரம். மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, அவர்களின் பதிலையும் எழுத்தாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் தொலைபேசியில் சொல்லும் "பரவாயில்லைங்க" என்ற வார்த்தை, சர்வேயர் வண்டியைப் பார்க்க வரும் நாளில் உங்களுக்கு உதவாது.

மூன்றாவது, புகைச் சான்று. பி.எஸ். 4, பி.எஸ். 6 வண்டிகளுக்கு இது ஓராண்டும், அதற்கு முந்தைய வண்டிகளுக்கு ஆறு மாதமும் செல்லும். மாற்றத்துக்கு முன்பே ஒருமுறை பரிசோதித்து, அச்சிட்டுத் தரும் அளவுகளைப் பத்திரப்படுத்துங்கள். ஜெட் (கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சிறு திருகு) மாற்றும் வேலை முடிந்தபின் மீண்டும் அளந்து, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் கலவை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரியும்.

3. செலவு

நான் விசாரித்தும் கொடுத்தும் தெரிந்துகொண்ட விலைகள் இவை. கடைக்குக் கடை, வண்டிக்கு வண்டி மாறும். பெயர் தெரியாத கூம்பு ஃபில்டர்கள் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய்க்குள் கிடைக்கின்றன. கே அண்ட் என் போன்ற நல்ல கம்பெனிப் பொருளுக்கு 3,000 ரூபாய்க்கு மேல் ஆகும். அதைக் கழுவும் திரவமும் பூசும் எண்ணெயும் சேர்ந்த பெட்டிக்கு இன்னும் ஓர் ஆயிரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். ஜெட் ஒன்றுக்கு 100 முதல் 300 ரூபாய் வரை ஆகும். ஒரே ஜெட்டில் வேலை முடியாது, மூன்று நான்கு அளவுகள் வாங்க வேண்டியிருக்கும். கார்பரேட்டரை ஒவ்வொரு முறை இறக்கி ஏற்றவும் மெக்கானிக் கூலி உண்டு. இந்தக் கூலியைத்தான் எல்லோரும் கணக்கில் விட்டுவிடுகிறார்கள்.

மலிவான ஃபில்டரை வாங்க வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். மடிப்புகளின் அடியில் ஊசிமுனை அளவில் ஒளி தெரிந்தால் அந்த வழியாக மண்ணும் போகும். நம் செம்மண் புழுதியில் உள்ள மணல் துகள், பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும்.

4. அளவெடுத்து வாங்குதல்

பெட்டியைக் கழற்றாமல் அளவெடுக்க முடியாது என்பதால், கடைக்குப் போகும் முன் ஒரு மாலையில் கழற்றி அளந்துவிட்டு மீண்டும் மாட்டிவிடுங்கள். கார்பரேட்டரின் ஃபில்டர் பக்க வாயின் வெளி விட்டத்தை வெர்னியர் காலிப்பரால் மில்லிமீட்டரில் அளக்க வேண்டும்; டேப் வைத்து அளப்பது பயன்படாது. வாய்க்கும் பேட்டரிக்கும், வாய்க்கும் சட்டகத்துக்கும், வாய்க்கும் சைடு கவருக்கும் இடையிலுள்ள தூரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் நேர்க் கூம்பு இடிக்கும். சாய்ந்த கழுத்துள்ளதே பொருந்தும்.

விட்டம் சற்று வித்தியாசப்பட்டால் கிளிப்பை இறுக்கி ஒப்பேற்றிவிடலாம் என்று நினைக்காதீர்கள். இடுக்கு வழியாக வடிகட்டாத காற்று உள்ளே போகும். கணபதி, பீளமேடு பக்கத்து லேத் பட்டறை எதிலாவது அளவைக் கொடுத்தால், அலுமினியத்தில் ஓர் இணைப்பு வளையம் கடைந்து தருவார்கள். ஊரில் பட்டறைக்குப் பஞ்சமில்லாதது நமக்குக் கிடைத்த வசதி. வளையத்தின் உள்பக்கம் படிக்கட்டு போல விளிம்பு இல்லாமல் வழவழப்பாக இருக்க வேண்டும் என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

5. பெட்டியைக் கழற்றும்போது கவனிக்க வேண்டிய குழாய்கள்

எதையும் பிடுங்குவதற்கு முன் கைபேசியில் நான்கு பக்கமும் படம் எடுங்கள். பெட்டியிலிருந்து கிளம்பும் குழாய் ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு டேப் ஒட்டிப் பெயர் எழுதுங்கள்.

இன்ஜினிலிருந்து வரும் பிரீதர் குழாய் பெட்டிக்குள்தான் முடியும். இன்ஜினுக்குள் உருவாகும் எண்ணெய் ஆவி அந்த வழியாகப் பெட்டிக்கு வந்து மீண்டும் எரிகிறது. பெட்டி போனபின் இதன் வாயை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது. அடைத்தால் அழுத்தம் ஏறி ஆயில் சீல்கள் ஒழுகத் தொடங்கும். தொங்கவிட்டால் தூசியை உள்ளே இழுக்கும், எண்ணெய் பின்சக்கர டயரில் சொட்டவும் கூடும். எண்ணெய் தேங்கும் சிறு குப்பி ஒன்றை வைத்து, அதன் வாயில் குட்டி பிரீதர் ஃபில்டர் போடுவதே சரி. அந்தக் குப்பியை அவ்வப்போது காலி செய்ய வேண்டும்.

சைலன்சருக்குள் கூடுதல் காற்றை அனுப்பும் குழாய் சில வண்டிகளில் பெட்டியிலிருந்தே காற்றை எடுக்கும். அதற்கும் தனியாக ஒரு சிறு ஃபில்டர் தேவை. பெட்டியின் அடியில் தொங்கும் டிரெயின் குழாய் பெட்டியோடு போய்விடும்; அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

6. மாட்டுதலும் ஜெட் அமைத்தலும்

கார்பரேட்டரின் வாயை டார்ச் அடித்துப் பாருங்கள். பெரிய துளையின் விளிம்பை ஒட்டி, நெல்மணியும் நுழையாத அளவில் இரண்டு மூன்று சிறு துளைகள் இருக்கும். ஐடிலிங்குக்கும் மெயின் ஜெட்டுக்கும் காற்று இந்தத் துளைகள் வழியாகத்தான் போகிறது. டயாப்ரம் என்னும் ரப்பர் சவ்வு உள்ள கார்பரேட்டர்களில் டயாப்ரமின் அடிப்பக்கத்துக்கும் இங்கிருந்தே காற்று போகிறது. ஃபில்டரின் ரப்பர்க் கழுத்து ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளியிருந்தாலும் இவற்றில் ஒன்று மூடிக்கொள்ளும். பிறகு எத்தனை ஜெட் மாற்றினாலும் வண்டி சரியாகாது. மாட்டியபின் ஃபில்டரின் உள்பக்க விளிம்பு எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்துவிட்டே கிளிப்பை இறுக்குங்கள். தேவையானால் கழுத்தின் உள் உதட்டைச் சீவிவிடலாம்.

காற்று தாராளமாக வரும்போது பெட்ரோல் அதற்கேற்பக் கூடாவிட்டால் கலவை காய்ந்துவிடும். கலவை காய்ந்தால் இன்ஜின் கொதிக்கும், நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் எக்ஸாஸ்ட் வால்வு தீயும், ஆர்.எக்ஸ். 100 போன்ற இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். எனக்கு வேலை செய்து கொடுத்த மெக்கானிக் சொன்னது இது: "டப்பாவக் கழட்டறது அஞ்சு நிமிச வேலைங்ணா. ஜெட்டு செட் பண்றதுதானுங்க உசுர வாங்கும்." இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், கார்பரேட்டர் வண்டிகளில் கலவை ஏற்கெனவே சற்றுக் காய்ந்த பக்கம்தான் இருக்கிறது. பத்தாண்டுகளுக்கு முன் யாரோ சொன்ன ஜெட் எண்ணை அப்படியே இன்று போட வேண்டாம்.

எந்த ஜெட் எந்த இடத்தில் வேலை செய்கிறது என்று தெரியாமல் மாற்றுவது வீண். ஆக்சலேட்டர் பிடியில் ஒரு வெள்ளை டேப்பை ஒட்டி, கால், அரை, முக்கால் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஐடிலிங்கிலிருந்து கால் பங்கு வரை பைலட் ஜெட்டும் அதன் திருகும், கால் முதல் முக்கால் வரை நீடில் என்னும் ஊசியும், முக்காலுக்கு மேல் மெயின் ஜெட்டும் ஆட்சி செய்கின்றன. வண்டி எந்தக் கோட்டில் திணறுகிறதோ அந்தப் பாகத்தை மட்டும் மாற்றுங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது பலன் தந்தது என்று ஒருநாளும் கண்டுபிடிக்க முடியாது.

வரிசை முக்கியம். முதலில் மெயின் ஜெட்டைக் கம்பெனி எண்ணிலிருந்து ஒரு படி ஏற்றிப் பாருங்கள்; போதாவிட்டால் அடுத்த படி. பிறகு நீடிலில் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே இறக்கினால் நீடில் உயர்ந்து பெட்ரோல் கூடும். சில கம்பெனி நீடில்களில் ஒரே பள்ளம்தான் இருக்கும். அங்கே மெல்லிய வாஷர் ஒன்றைக் கிளிப்புக்கு அடியில் போடுவார்கள். கடைசியாகப் பைலட் திருகு. அந்தத் திருகு இன்ஜின் பக்கமாக இருந்தால் வெளியே திருப்பத் திருப்பப் பெட்ரோல் கூடும். ஃபில்டர் பக்கமாக இருந்தால் வெளியே திருப்பத் திருப்பக் காற்று கூடும். இதை மாற்றிப் புரிந்துகொண்டு தலைகீழாகத் திருப்புவோர் ஏராளம்.

கலவை காய்ந்திருக்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு. இன்ஜின் சூடான பின் திணறும் இடத்தில் சோக்கைச் சிறிது இழுத்துப் பாருங்கள். வண்டி நன்றாகப் போனால் பெட்ரோல் போதவில்லை, இன்னும் மோசமானால் பெட்ரோல் மிகுதி. ஆக்சலேட்டரை விட்டபின்பும் ஐடிலிங் இறங்காமல் உயரத்திலேயே நிற்பதும், இறக்கத்தில் சைலன்சரில் பட்டாசு வெடிப்பதும் காய்ந்ததன் அடையாளங்களே. ஆனால் கார்பரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள ரப்பர் மேனிஃபோல்டில் விரிசல் இருந்தாலும் இதே அறிகுறிகள் வரும் என்பதால், அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

இறுதியாக ஸ்பார்க் பிளக். ஆளில்லாத நேர்ச் சாலையில் ஒரே ஆக்சலேட்டர் நிலையில் சிறிது தூரம் ஓட்டி, கிளட்ச்சைப் பிடித்து இன்ஜினை நிறுத்தி, உருட்டி ஓரம் கட்டிப் பிளக்கைக் கழற்றுங்கள். நடு மின்முனையைச் சுற்றியுள்ள வெள்ளைப் பீங்கான் வெளிர் காப்பி நிறத்தில் இருந்தால் நல்லது. சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் கலவை காய்ந்திருக்கிறது. கரி படிந்து கையில் ஒட்டினால் பெட்ரோல் மிகுதி. இந்தச் சோதனையைச் சேலம் கொச்சி தேசிய நெடுஞ்சாலை 544இல் செய்யாதீர்கள். பின்னால் வரும் லாரிக்காரருக்கு நீங்கள் ஏன் திடீரென்று வேகம் குறைந்தீர்கள் என்று தெரியாது.

7. இன்ஜெக்‌ஷன் வண்டிகள்

இங்கே ஜெட் இல்லை. சைலன்சரில் உள்ள ஆக்சிஜன் உணரியைப் பார்த்துக் கணினி கலவையைத் திருத்திக்கொள்ளும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். மிதமான ஓட்டத்தில் ஓரளவு அது உண்மை. ஆக்சலேட்டரை முழுவதும் திறக்கும்போது பெரும்பாலான வண்டிகளில் கணினி உணரியைக் கேட்பதில்லை, தன் பழைய அட்டவணைப்படியே பெட்ரோல் தருகிறது. கலவை காய்வது அப்போதுதான். சில மாடல்களில் காற்றின் வெப்பத்தை அளக்கும் உணரி பெட்டியிலேயே பொருத்தப்பட்டிருக்கும்; அதை வெறுமனே தொங்கவிட்டால் இன்ஜின் சூட்டை அளந்து தவறான கணக்குச் சொல்லும். கணினி அட்டவணையை மாற்றி எழுதித் தருவோரிடம் போனால், பழைய அட்டவணையின் நகலை வாங்கிக்கொள்ளாமல் பணம் கொடுக்காதீர்கள். பெட்டியை எடுக்காமல் உள் ஃபில்டரை மட்டும் மாற்றுவதுதான் இந்த வண்டிகளுக்கு என் பரிந்துரை.

8. நம் ஊர்க் காற்று, மழை, மலை

பெட்டிக்குள் இருக்கும்போது ஃபில்டருக்கு நேராக எதுவும் படுவதில்லை. வெளியே வந்துவிட்டால் எல்லாம் படும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் காற்றில் உடுமலை, பல்லடம் பக்கம் ஓட்டுபவர்களும், இட்டேரியின் (வேலிகளுக்கு நடுவே போகும் மண்பாதை) புழுதியில் தோட்டத்துக்குப் போய்வருபவர்களும் கம்பெனி சொல்லும் கிலோமீட்டர் கணக்கைப் பார்க்காமல் மாதம் ஒருமுறை ஃபில்டரைப் பார்க்க வேண்டும். திருப்பூரில் பனியன் கம்பெனிகள் நெருங்கிய தெருக்களில் நிறுத்தும் வண்டிகளில் இன்னொன்றையும் கண்டேன். எண்ணெய் பூசிய மடிப்புகளின் மேல் பஞ்சுத் தூள் மெல்லிய போர்வையாகப் படிந்து, விரலால் தள்ளினால் திரியாகச் சுருண்டு வந்தது. அப்படிப் படிந்தால் காற்று குறைந்து கலவையில் பெட்ரோல் மிகுதியாகும். நீங்கள் அமைத்த ஜெட்டைக் குறை சொல்ல வேண்டாம்.

ஃபில்டர் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று பார்க்க, அதைக் கழற்றிக் கழுத்தின் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் செம்மண் கோடு வந்தால் எங்கோ ஒழுகுகிறது. கிளிப் உட்காரும் இடத்தில் கிரீஸை மெல்லிதாகப் பூசி நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தால், தூசி எந்தப் பக்கத்தில் நுழைகிறது என்பதை அந்தக் கிரீஸே காட்டிக்கொடுக்கும்.

பருத்தி ஃபில்டரைக் கழுவும்போது பெட்ரோலோ கம்ப்ரசர் காற்றோ கூடவே கூடாது, துணி கிழிந்துவிடும். அதற்குரிய திரவத்தைத் தெளித்துப் பத்து நிமிடம் விட்டு, உள்ளிருந்து வெளியே போகும்படி மெதுவாக விழும் நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, மடிப்புதோறும் எண்ணெயைக் கோடாக விட வேண்டும். எண்ணெய் இல்லாமல் மாட்டினால் நுண்தூசி நிற்காது.

மழைக்கு, ஃபில்டரின் மேல் போடும் நீர் விலக்கும் துணி உறை விற்கிறது, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மழைக்கால வால்பாறைக்குப் போவதாக இருந்தால், கம்பெனிப் பெட்டியோடு போவதே நல்லது.

மலைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஏறத்தாழ 410 மீட்டர் உயரத்திலுள்ள கோவையிலிருந்து 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டிக்கு ஏறும்போது காற்றின் அடர்த்தி சுமார் ஆறில் ஒரு பங்கு குறைகிறது. கோவையில் கச்சிதமாக அமைத்த ஜெட் ஊட்டியில் பெட்ரோல் மிகுதியாகித் திணறத்தான் செய்யும். அங்கே நின்று ஜெட்டை இறக்கிவிட்டு, அதே ஜெட்டோடு கீழே வந்து வேகமாக ஓட்டினால் கலவை காய்ந்துவிடும். மலையில் கொஞ்சம் திணறலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

9. எப்போது தொடங்குவது, பழைய பெட்டியை என்ன செய்வது

தை, மாசி மாதங்களே ஏற்றவை. ஆடிக் காற்றும் ஐப்பசி மழையும் இல்லாத நாட்களில்தான் சாலைச் சோதனையை நம்ப முடியும். மாட்டுவதற்கு ஒரு காலைப் பொழுது போதும் என்றாலும், ஜெட் வேலை சில வாரங்கள் இழுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரங்களில் வேறு வண்டி இல்லாதவர்களும், நெடும்பயணம் வைத்திருப்பவர்களும் தொடங்க வேண்டாம்.

கழற்றிய பெட்டியை ஒருபோதும் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். அதன் திருகுகள், ரப்பர் குழாய்கள், கம்பெனி ஜெட்டுகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, ஜெட் எண்களைத் தாளில் எழுதி உள்ளே வையுங்கள். பெட்டியின் வாய்களைத் துணியால் அடைத்து வையுங்கள். சும்மா கிடக்கும் ஏர் பாக்ஸில் எலி கூடு கட்டுவது சகஜம். மாற்றத்துக்குப் பிந்தைய புகைப் பரிசோதனையில் அளவு வரம்பைத் தாண்டி, இரண்டு மூன்று ஜெட் மாற்றியும் இறங்காவிட்டால் அந்தப் பையைத் திறந்து பழையபடி மாட்டிவிடுங்கள். 15 ஆண்டு முடிந்து படிவம் 25இல் ஆர்.சி.யைப் புதுப்பிக்கப் போகும்போதும் வண்டி கம்பெனி அமைப்பிலேயே இருக்க வேண்டும். வண்டியை விற்கும் நாளில் வாங்குபவர் முதலில் கேட்பதும் அந்தப் பெட்டியைத்தான்.